நெம்மேலியில் கேட்ட ஃபேன் சத்தம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பொத்தேரியில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன், ஹாஸ்டல் பிள்ளைகள் "சிஸ்டத்துல பேய் பூந்துகிச்சுக்கா" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள், திறந்தால் உள்ளே கரப்பான்பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும், நான் பார்த்த அமானுஷ்யம் அவ்வளவுதான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் தங்கை ஜெனியை நெம்மேலியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கட்டிக்கொடுத்தோம் என்பது பேச்சுக்கு, அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், மாப்பிள்ளை குமார் வீட்டில் பூஜை புனஸ்காரம் எல்லாம் உண்டு. மகாபலிபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வேலை, தங்கமான பையன், கேம் பைத்தியம் ஒன்றைத் தவிர அவனிடம் குறை சொல்ல எதுவும் கிடையாது. அவனுக்குக் கேமிங் கம்ப்யூட்டர் கட்டிக்கொடுத்ததே நான்தான். வீட்டில் ஏசி இருக்கிற அறை ஒன்றுதான், அதனால் கம்ப்யூட்டரும் அங்கே, அவர்களுடைய நாலு மாதக் குழந்தையும் அங்கே.

ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம் இருக்கும். கேம் போட்டால் பத்தே நிமிடத்தில் தானாக அணைந்துபோகிறது, பின்பக்கம் தொட்டால் கை சுடுகிறது என்று குமார் போன் செய்தான். கேட்டதுமே தெரிந்துவிட்டது, உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, பவர் சப்ளை, அதுதான் சூடாகிறது. கடற்கரை வீடு, உப்பு பூத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டேன்.

பவர் சப்ளையைக் கழற்றிப் பார்த்தால் உப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதன் ஃபேன் நடுவில் சந்தனம்! காய்ந்து கல்லாகி, மேலே குங்குமம் வேறு, விரலால் தள்ளினாலும் ஃபேன் அசையவில்லை.

"இன்னா குமாரு இது?"

"பூஜைக்கு வெச்சதுக்கா. வண்டின்னா முன்னால வெப்போம், இதுக்கு மூஞ்சி எதுன்னே தெர்ல. படுக்க வெச்சுப் பாத்தேன், அடியில வட்டமா கீது, அதான் மூஞ்சின்னு நெனச்சுட்டேன்."

"மூஞ்சி பூரா அப்பி வெச்சுட்டு மூச்சு வுடலன்னா எப்பிடி வுடும்?"

ஜெனி சிரித்த சிரிப்பில் அவனுக்கு முகம் சிவந்துபோனது. பிளக்கைப் பிடுங்கினாலும் பவர் சப்ளைக்கு உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், விளையாட்டில்லை, அதனால் பொறுத்திருந்து திறந்து, ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்து மூடினேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்த ஃபேன் உடனே சுற்றவில்லை, அது சூடு ஏறினால்தான் சுற்றுகிற ரகம், அதனால் நான் கவலைப்படவில்லை. கேமை ஓடவிட்டுவிட்டு, தூங்குகிற குழந்தையைப் பார்த்துவிட்டு, ஏசி வீணாகக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். வஞ்சிர மீன் வறுவல், வீடு முழுக்க அந்த வாசனை.

பாதிச் சாப்பாட்டில் அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கரகரவென்று தேய்ந்துகொண்டே ஏறுகிற சத்தம், கதவே அதிர்கிற மாதிரி.

"இன்னாக்கா, ஃபேனு இந்தக் கத்து கத்துது? கொயந்த எந்திரிச்சிடப் போவுது" என்று ஜெனிதான் முதலில் எழுந்தாள். கேமை நிறுத்தலாம் என்று நானும் குமாரும் எச்சில் கையோடு பின்னாலேயே போனோம்.

கதவைத் திறந்தால் புகை. கடற்கரையில் எதுவும் சீக்கிரம் காயாது என்று ஜெனி, நான் வேலை முடித்து எழுந்த பிறகு, கம்ப்யூட்டர் பின்னால் வருகிற சூட்டில் குழந்தையின் துணிகளைக் காயப் போட்டு வைத்திருக்கிறாள், எனக்கு அது தெரியாது. ஒரு துணி கருகி, ஓரத்தில் நெருப்பு பற்றியிருந்தது. அங்கிருந்து கைக்கெட்டும் தூரத்தில் குழந்தை. குமார் பாய்ந்து சுவிட்சை அணைத்தான், ஜெனி துணியை வாரி வெளியே எறிந்தாள், நான் குழந்தையைத் தூக்கினேன். நான் தூக்கியதும்தான் சத்தம் நின்றது.

குழந்தை வீல் என்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன், மீன் எச்சில் கையோடு அதைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நானும் அழுதேன். ஜெனி ஜெபம் செய்தாள், குமார் சூடம் ஏற்றினான், புகை பத்தாதா என்று அதற்கும் சிரித்தோம். எல்லோருக்கும் உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஃபேன் கத்தியதால் பிள்ளை பிழைத்தது என்று அன்றைக்கு நூறு முறையாவது சொல்லியிருப்போம்.

அந்தப் பவர் சப்ளையை எடுத்துக்கொண்டு வந்து மறுநாள் கடையில் திறந்தேன். ஃபேன் ஒயர் தனியாகக் கிடந்தது. சுத்தம் செய்துகொண்டிருந்தபோது நடுவில் குழந்தை சிணுங்கியது, தட்டிக்கொடுத்துவிட்டு வந்து அப்படியே மூடியிருக்கிறேன், கழற்றிய ஒயரைத் திரும்ப மாட்டவே இல்லை. துணி பற்றியது என் தவறால்தான், இன்றுவரை ஜெனியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

ஆக அந்த ஃபேன் அன்றைக்கு ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்க முடியாது. வேறு ஃபேனாக இருக்கும் என்பீர்கள், நானும் அப்படித்தான் சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். ஆனால் நாங்கள் உள்ளே போனபோதே கம்ப்யூட்டர் அணைந்திருந்தது, திரை கறுப்பு, கேபினெட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை, சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எது கத்தியதோ, அதற்குக் கோடி நன்றி, குழந்தை இப்போது தவழ்கிறது.

ஒன்றுதான் மனதில் உறுத்துகிறது. மறுநாள் கடையில் திறந்தபோதே அந்த ஃபேனுக்கு ஒயர் கொடுத்து முழு வேகத்தில் ஓடவிட்டேன், காதை ஒட்டி வைத்துக்கூடக் கேட்டேன். அந்தக் கரகரப்பு என்ன, அதிலிருந்து சத்தமே வரவில்லை.