வழிக்காத நாக்கு

ஊரே இடிந்து விழுந்தாலும் என் கணவர் காலையில் நாக்கு வழித்தாக வேண்டும். ஈரோட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டங் க்ளீனரைப் போட்டு அவர் எழுப்பும் ‘ஓவ்’ சத்தம், சான் ஹோசேயில் எங்கள் அபார்ட்மெண்ட் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு நாயை எழுப்பிவிடும். “மெதுவா வழிங்களேன், யாராவது போலீஸக் கூப்பிடப் போறாங்க” என்று நானும் சொல்லாத நாளில்லை.

போன வருடம் ரத்தப் பரிசோதனையில் அவருடைய கல்லீரல் எண்கள் ஏறியிருந்தன. மனிதர் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அவருடைய அண்ணனும் தொட்டதில்லை, ஆனால் கல்லீரல் கெட்டுத்தான் இறந்தார். டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு ரிசல்ட் வர நாளாகும் என்றார். நான் ராத்திரியெல்லாம் நெட்டில் கல்லீரல் நோய்களைத் தேடிப் படித்தேன். இவரோ சோபாவில் சாய்ந்துகொண்டு பஜ்ஜி கேட்டார்.

“லேசா கொழுப்பு இருக்கும், அவ்ளோதான்.”

“உங்க கொழுப்பு எனக்குத் தெரியாதா?”

சாப்பிட்டதும் அவருக்கு வயிறு உப்பிக்கொள்ளும். அதற்காவது காட்டு என்று ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் சீனத் தோழி, தன் குடும்பம் போகும் சீன மூலிகை மருத்துவரைச் சொன்னாள். சனிக்கிழமை போனோம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், காய்ந்த ஆரஞ்சுத் தோல் வாசம். மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. இரண்டு கையிலும் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். விளக்கைத் திருப்பி மறுபடியும் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

எடை குறைகிறதா, இரவில் வியர்க்கிறதா, வாய் வறள்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். நாக்கின் மேல் மெல்லிய படிவு இருக்கவேண்டும், வயிற்றின் தெம்பை அதில்தான் பார்ப்போம், இவருக்கு உரித்துவைத்த மாதிரி இருக்கிறதே என்றார். நெடுநாள் நோயில் உள்ளே வற்றிப்போனவர்களுக்குத்தான் இப்படி ஆகுமாம். அண்ணனின் கடைசி நாள் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

அப்புறம்தான் மருத்துவர் கேட்டார், நாக்கைத் தேய்ப்பீர்களா என்று.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தினமும் தேய்ப்பாராம். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று மரியாதைக்காக, கிளம்பும்போது இன்னொரு தரமும் வழித்தாராம். வெறுங்கையால் செய்தும் காட்டினார், சத்தத்தோடு. மருத்துவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

“அட பாவி மனுஷா! எனக்கு உசுரே போயிடுச்சு!”

“சுத்தமா வர்றது ஒரு தப்பாம்மா?”

சில மூலிகைகள் கல்லீரலுக்கே பாரமாகிவிடும், அதனால் ஸ்கேன் ரிசல்ட் வரும்வரை எதுவும் தரமாட்டேன் என்றார் மருத்துவர். அடுத்த சனிக்கிழமை வாருங்கள், அதுவரை நாக்கை வழிக்காதீர்கள் என்றும் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க இவர், வாய்க்குள் கம்பளி போர்த்தியிருக்கிறது என்று புலம்பிக்கொண்டே திரிந்தார். எனக்கு வேறு கஷ்டம். காலையில் பாத்ரூமிலிருந்து சத்தமே வரவில்லை. இவர் இல்லாவிட்டால் இந்த வீடு இப்படித்தான் இருக்கும் என்று தோன்றிவிட்டது. அடுப்பைத் தணித்துவிட்டு அழுதேன். அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஃப்ரீவேயில் போகும்போது என் போனில் டாக்டரிடமிருந்து மெசேஜ் வந்தது. ரிசல்ட் வந்துவிட்டது. அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“படி.”

“மாட்டேன். மொதல்ல எக்ஸிட் எடுத்து வண்டிய நிறுத்துங்க.”

ஏதோ ஒரு கடையின் பார்க்கிங்கில் நிறுத்தினார். கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது, தழும்பு ஏதும் இல்லை, எடையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அப்பாடா! சத்தமாகவே அழுதேன். அவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, “அதான் ஒண்ணுமில்லையே, ஏம்மா அழுவுற?” என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

மூலிகை மருத்துவர் ரிசல்ட்டை வாசித்தார், நாக்கைப் பார்த்தார். வெள்ளையாக, தடிமனாக, வேண்டிய மட்டும் படிந்திருந்தது. வயிறு தெம்பாகத்தான் இருக்கிறது, ராத்திரி நேரங்கழித்துச் சாப்பிட்டுத்தான் திணறுகிறது, படிவு தடித்திருப்பதும் அதனால்தான் என்றார். மருந்து தரவில்லை. இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். கிளம்பும்போது என் கணவர் பவ்யமாகக் கேட்டார், இனிமேல் வழிக்கலாமா என்று.

மறுநாள் காலை நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். பாத்ரூமிலிருந்து ‘ஓவ்’ என்று கேட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“இன்னும் கொஞ்சம் சத்தமாத்தான் வழிங்களேன்” என்றேன்.