சர்வர் அறையின் நோட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் சர்வர் அறைக்கு அவர்தான் காவல். ஒல்லியான உடம்பு, தோள் தொங்கும் யூனிஃபார்ம் சட்டை, காதில் செருகிய நீலப் பேனா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ளே போய் அறையின் சூடு எத்தனை டிகிரி என்று பார்த்து, கதவோரம் தொங்கும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வாரம் ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் நானும் கையெழுத்திட வேண்டும்.

போன வருடம் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றினோம். எங்கள் தகவல்கள் முழுக்க வேறொரு நிறுவனத்தின் கணினிகளுக்குப் போயின. பழைய சர்வர்களை வேனில் ஏற்றி அனுப்பினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து, காலி அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கப் போனேன். அன்று காலை வரை நோட்டில் எழுதியிருந்தார்.

“உள்ள ஒண்ணுமே இல்லையே அண்ணே?”

“தெரியும் சார். வண்டிக்கு கேட்டத் தொறந்ததே நான்தான். எழுதாதன்னு யாரும் சொல்லலியே.” பிறகு கேட்டார். “அதெல்லாம் இப்ப கீற எடத்துல சூடு யாரு சார் பாக்குறாங்க?”

“தெரியலண்ணே.” நிஜமாகவே எனக்குத் தெரியாது.

அவர் பேனாவை நீட்டினார். நான்கு பக்கங்களில் என் இடம் மட்டும் காலியாக இருந்தது. நான்கிலும் கையெழுத்திட்டேன்.

அந்த அறைக்கு இனிக் காவல் தேவையில்லை என்று அன்று மாலை மெயில் அனுப்பியதும் நான்தான். அதில் அவர் பெயரைக் குறிப்பிட வேண்டியிருந்தது. நோட்டைப் புரட்டி, அவருடைய கையெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.