ரிஸ்னாவுக்கு எஸ், எனக்கு பி

மழையில் நனைந்த தாளில் சிவப்பு மை ஊறினால் ரோஸ் நிறமாகிவிடும். என் ஆங்கில விடைத்தாளில் இருந்த இருபத்தொன்று, ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வைத்து அப்படித்தான் மாறிக்கொண்டிருந்தது. துடைக்கவும் தோன்றவில்லை, மடித்துப் பைக்குள் வைக்கவும் தோன்றவில்லை.

பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை.

நான் படிக்காதவள் இல்லை... அதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. பன்னிரண்டு ஆங்கிலக் கட்டுரைகளை ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன். எங்கள் ஊர் றொசல்லயில் பஸ் ஏறினால், பள்ளிக்கூடம் வருவதற்குள் நான்கை ஒப்புவித்துவிடுவேன். பிறகு எப்படி இருபத்தொன்று?

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அம்மா, தாளை நுனியில் பிடித்துப் பார்த்தார்.

"இங்கிலீஷ் பாஸாகலன்னா கொழும்புக்குப் போயிரு. அக்கா வேல செய்ற துணிக்கடையில ஆள் கேக்குறாங்களாம்."

அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டார். மிரட்டினாரா, முடிவே செய்துவிட்டாரா... பிடிபடவில்லை. கேட்கப் பயம்.

அடுத்த நாள் வகுப்பில், பக்கத்தில் உட்காரும் ரிஸ்னா என் தாளைக் கேட்காமலே இழுத்துப் பார்த்தாள். அவளுடைய வாப்பாவுக்கு ஹட்டனில் பலசரக்குக் கடை. ஆங்கிலத்தில் எழுபதுக்குக் கீழே அவள் எடுத்ததே இல்லை. ஓ.எல். முடித்ததும் கண்டிக்குப் போய் இங்கிலீஷ் மீடியத்தில் ஏ.எல். படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"சுமதி, நோட்டீஸ் எழுதச் சொன்னா நீ ஏன் அம்மாவப் பத்திக் கட்டுர எழுதி வச்சிருக்க?"

"நோட்டீஸ்னு எங்க இருக்கு?"

விரலை வைத்துக் காட்டினாள். அந்த வரியில் இருந்த சொற்களில் பாதி எனக்குத் தெரிந்தவைதான். சேர்த்து வாசித்தால் ஒன்றும் புரியவில்லை. இன்னொரு இடத்தில் பிழையான வசனங்களுக்கு அடையாளம் போடச் சொல்லியிருக்கிறார்கள். நான் சரியானவற்றுக்கெல்லாம் கவனமாகப் போட்டு வைத்திருந்தேன்.

"ஒனக்குக் கேள்வியே வெளங்கலயா?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"இல்ல" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ரிஸ்னா வீட்டுக் கடைக்குத்தான். பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, கருவாட்டு வாசத்தில்... ஐந்து மணி பஸ் வரும் வரைக்கும் பழைய வினாத்தாள்கள். ரிஸ்னாவிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது.

"பேனாவத் தொடாத. மொதல்ல என்ன கேக்குறாங்கன்னு தமிழ்ல சொல்லு."

முதல் இரண்டு வாரம் குழப்பம் கூடத்தான் செய்தது. மனப்பாடம் செய்ததும் கை கொடுக்கவில்லை, புதிதாகவும் எதுவும் வரவில்லை. ஒருநாள் கொப்பியை மூடி வைத்தேன்.

"எனக்கு வராது ரிஸ்னா. நான் கொழும்புக்கே போறேன்."

"போ. இந்தப் பேப்பர முடிச்சிட்டுப் போ."

அவள் சிரிக்கவில்லை. நான் கொப்பியைத் திறந்தேன்.

எப்போது விளங்கத் தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மாலை, அவள் கேட்பதற்கு முன்பே நான் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டேன். அவள் அடுத்த கேள்விக்கு விரலை நகர்த்தினாள்... அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆங்கிலப் பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் இல்லை. "நீ எப்பிடி எழுதின?" என்று கேட்டேன். "ம்... எழுதினேன்" என்றாள். என் சந்தோஷத்தில் அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

ரிசல்ட்ஸ் வந்த அன்று பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஆங்கிலத்தில் எனக்கு பி. ரிஸ்னாவுக்கு எஸ்.

வரிசை மாறி வாசித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். யாரிடமோ அடிமட்டம் வாங்கி, அவள் பெயருக்குக் கீழே வைத்து மறுபடி பார்த்தேன். எஸ்தான். வெறும் பாஸ்.

"சுமதி, ஒனக்கு பி!" என்று ரிஸ்னா என் கையைப் பிடித்து உலுக்கினாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். கண் மட்டும் சிவந்திருந்தது. நான் சிரிப்பதா, அழுவதா... இரண்டும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்து லயத்தில் அம்மா வீடு வீடாக டொபி கொடுத்தார். கொழும்புப் பேச்சையே அதற்குப் பிறகு எடுக்கவில்லை. எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். அது ரிஸ்னா சொல்லிக் கொடுத்தது என்று யாருக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது?

ரிஸ்னா கண்டிக்குப் போகவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே என்னோடு தமிழில் ஏ.எல். படித்தாள். அந்த எஸ் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தினமும் ஆங்கிலத்தில் ஈமெயில். வாப்பாவின் கடையை ரிஸ்னாதான் நடத்துகிறாள். போன வாரம் போனில் பேசும்போது, இத்தனை வருடம் கழித்துக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு என்னதான் ஆச்சு ரிஸ்னா?"

கடையில் யாருக்கோ மிச்சக் காசு எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கும் தெரியாது சுமதி. ஒனக்குச் சொல்லிக் குடுக்கறப்ப எல்லாமே வெளங்குச்சு. அங்க தனியா ஒக்காந்து வாசிச்சா... ஒண்ணுமே வெளங்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

என் மகள் எட்டாம் வகுப்பு. விளங்காத வரியைப் போனில் படம் எடுத்தால் உடனே தமிழில் வந்துவிடுகிறது. மார்க்ஸும் நன்றாகத்தான் எடுக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படிக்கிறாள். நாங்கள் படித்த விதத்தைவிட இது நல்லதா, இல்லையா... எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரிஸ்னாவோடு பேசி முடித்த பிறகு மகளின் அறைக்குள் போய், பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன்.

"என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் இல்ல. நீ படி."

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.