தொஸ்ஸாவில் அண்ணை சமைத்த ஒரு கிழமை

நண்டு அவியும் மணமும் கடல் காற்றும் குசினி யன்னலடியில் வந்து கலந்தால் ஒரு மணம் வருமே... எனக்கு அதுதான் ஸ்பெயின். சிரிக்காதீர்கள். நான் அந்த நாட்டில் இருந்தது மொத்தம் ஆறு நாள். அதில் பாதி சாப்பாட்டு மேசையில் போனது.

2005, மே மாதம். எனக்கு மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. கனடா பாஸ்போர்ட் கைக்கு வந்து மூன்று மாதம்தான். அண்ணை ஜெர்மனியில், ஒரு இத்தாலியன் ரெஸ்டோரண்டில் சமையல். என்னைப் பார்க்க வர இரண்டு தரம் விசா கேட்டார். இரண்டு தரமும் இல்லை என்றுவிட்டார்கள்.

நாங்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டது 1991இல், கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கூப்பிடும்வரை எட்டு மாதம் அங்கேதான் கிடந்தோம். மண்ணெண்ணெய் அடுப்பில் அண்ணை சமைப்பார், நான் சாப்பிடுவேன். எங்களுக்குள் வேலைப் பங்கீடு அவ்வளவுதான்.

அண்ணையின் முதலாளிக்கு தொஸ்ஸா என்ற கடற்கரை ஊரில் ஒரு அபார்ட்மெண்ட் இருந்தது. பதினொரு வருஷமாக ஒழுங்கான லீவே எடுக்காத மனுஷன் என்று இரக்கப்பட்டு, ஒரு கிழமை சட்டி பானை தொடாமல் இருந்துவிட்டு வா என்று திறப்பைக் கொடுத்திருக்கிறார். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. என் மனைவிக்கு, கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்துக்குப் போகிற இரண்டு பிள்ளைகளை விட்டு வர வழியில்லை. அண்ணனும் தம்பியும் மட்டும் போனோம்.

பார்சலோனா ஏர்போர்ட்டில் அண்ணைக்கு முன்மயிர் போயிருந்தது. எனக்கு வயிறு தள்ளி வண்டி வந்திருந்தது. பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் என் கையை அவர் விடவே இல்லை...

என் சூட்கேஸில் உடுப்பு இரண்டு சோடி. மிச்சம் முழுக்கக் கூழ் காய்ச்ச ஒடியல் மா, மிளகாய்த்தூள், பழப்புளி, கறிவேப்பிலை. எங்கள் ஆட்கள் உல்லாசப் பயணம் போனாலும் குசினியைக் கட்டித் தூக்கிக்கொண்டுதானே போவார்கள்.

ஊர் அப்படி ஒரு வடிவு. வளைந்த கடற்கரை, வெள்ளை வீடுகள், மதில் எல்லாம் கடதாசிப்பூ. கடற்கரை முடிகிற இடத்தில் ஒரு குன்று. அதில் பழைய கோட்டை மதில் ஏறிப் போகும், உச்சியில் வெளிச்சவீடு. முதல் நாள் பின்னேரம் அண்ணை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருக்கா மேல ஏறிப் பாப்பமே?"

"பேந்து போவம் அண்ணை. பசிக்குது."

அவ்வளவுதான். அடுத்த நாள் நான் எழும்ப முதல் அவர் மீன்கடைக்குப் போய் வந்துவிட்டார். கடைக்காரிக்கும் அவருக்கும் ஒரு பொதுப் பாஷை இல்லை. செவுளைத் திறந்து காட்டியே இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள்.

ஒரு நாள் மீன் குழம்பு. ஒரு நாள் கணவாய்ப் பிரட்டல். இன்னொரு நாள் இறால் வறுவலும் சொதியும். பதினான்கு வருஷத்து ஆசை எல்லாவற்றையும் நான் பட்டியல் போட்டுக் கேட்டேன், வெட்கமில்லாமல். அவர் வெங்காயம் வெட்டத் தொடங்க, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கடலுக்கு இறங்குவேன். ஈரத் தலையோடு ஏறி வர, சோறு கோப்பையில் இருக்கும். முன்னால் இருந்து நான் சாப்பிடுவதையே பார்ப்பார். இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஐந்தாம் நாள் கூழ். நண்டு, இறால், கணவாய், இரண்டு வகை மீன்... காலமை தொடங்கியது, பின்னேரம்தான் இறக்கினார். பத்துப் பேர் சுற்றி இருந்து குடிக்கிற கூழை இரண்டு பேராகக் குடித்து முடித்தோம். நான் சோபாவில் சரிந்தேன். அவர் பானை கழுவினார்.

கடைசி நாள் காலமை. அண்ணை அடுப்பைத் துடைத்து, முதலாளியின் டவல்களை மடித்து வைத்துவிட்டு, தன் பையை அடுக்கினார். அடியில் இருந்து ஒரு நீலக் காற்சட்டையை எடுத்து நீவித் திரும்ப வைத்தார். கடலில் குளிக்கிற காற்சட்டை. புத்தம் புதுசு. விலை ஒட்டின மட்டை அப்படியே தொங்கியது.

இந்த மனுஷன் கடலில் குளிக்கவென்று காற்சட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஆறு நாளில் கால்கூட நனைக்கவில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோட்டைக்கு ஓடினேன். பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. பாதிப் படியில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் இருந்து கீழே பார்த்தார்.

"இவ்வளவு காணுமடா. இஞ்சயிருந்தே வடிவாத்தான் தெரியுது."

இறங்கிவிட்டோம்.

அதன் பிறகு நான் இரண்டு தரம் ஜெர்மனி போனேன். ஒன்று கலியாணம், ஒன்று செத்தவீடு. ஹோலுக்குள் நூறு பேருக்கு நடுவில் அண்ணையோடு பத்து நிமிஷம் கதைக்க முடிந்தால் பெரிய விஷயம். இப்போது எனக்கு லீவு இருக்கிறது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோம். ஆனால் அண்ணைக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. மணமில்லாத போனுக்குள் அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க, அந்த ஆறு நாளையும் ஒருக்கால் திரும்பத் தரமாட்டார்களா என்று இருக்கும்...

போன ஞாயிறு கேட்டேவிட்டேன்.

"அண்ணை, திரும்ப ஒருக்கா அங்க போவமே? இந்த முறை நான் சமைக்கிறன்."

"அப்ப எனக்கென்ன வேலை?"

"நீங்கள் போய்க் கடல்ல இறங்குங்கோ."

முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு கேட்டார்:

"தனியவோடா?"

அந்தக் கிழமை முழுக்க அவர் என்னோடு இருக்கத்தான் வந்திருந்தார். நான்தான் நாளுக்கு ஒரு தரம் அவரைத் தனிய விட்டுவிட்டுக் கடலுக்குப் போயிருக்கிறேன்.