போனிகனில் ஒரு பிக்கப்புக்கு விலை பேசியது

1988 மே, ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு சூரிச் பிரதான நிலையத்தில் பேர்ன் வழியாக இன்டர்லாக்கன் போகும் ரயிலில் ஏறினேன். பையில் ஒரு டார்ச் லைட்டும், ஸ்குரூ டிரைவரும், நிலத்தில் படுத்துப் பார்க்க ஒரு பழைய மேலங்கியும் இருந்தன. சட்டைப் பையில் மூவாயிரம் பிராங்க். இந்தப் பயணத்தை ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்றிருந்தேன். மூன்று வாரமாகியும் அடங்கவில்லை.

நான் வேலை செய்யும் கராஜில் உவேலி என்ற சுவிஸ் நண்பனும் நானும் ஒரு ஹொட் ரொட் கட்டத் தீர்மானித்திருந்தோம். பழைய வண்டியின் உடலுக்குள் பெரிய எஞ்சினை வைத்து, அடியில் தாங்கும் இரும்புச் சட்டத்தைத் தாழ்த்தி, வேகமாக ஓடும் வண்டியாக்கும் வேலை அது. எட்டு சிலிண்டர் எஞ்சின் கராஜின் பின்மூலையில் தயாராகக் கிடந்தது. ஜூன் முடிவதற்குள் வண்டி வராவிட்டால் மூலையைக் காலிசெய்யும்படி முதலாளி சொல்லியிருந்தார்.

ஐம்பதுகளின் அமெரிக்க பிக்கப் சரக்கு வண்டிகளில் செவ்ரோலேயையும் ஃபோர்டையும்தான் எல்லோரும் தேடுகிறார்கள். அவற்றின் விலை எங்களுக்கு எட்டாது. இன்டர்நஷனல் என்ற கம்பனியின் பிக்கப்பை யாரும் தேடுவதில்லை. அதற்கும் அதே தடித்த சட்டம், அதே உருண்ட மூக்கு. எஞ்சினை எப்படியும் கழற்றத்தான் போகிறோம். ஆகவே பார்க்க வேண்டியவை சட்டமும், ஓட்டுநர் அமரும் கபினின் அடிமூலைகளும், கதவு இடைவெளிகளும்தான். அப்படியொரு வண்டி போனிகன் கிராமத்தில் விற்பனைக்கு நிற்கிறது என்று என் மனைவியின் தம்பி சிவம் போனில் சொன்னான். அவன் இன்டர்லாக்கனில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான்.

பேர்னைத் தாண்டியதும் மழை விட்டது. தூன் ஏரி ரயிலின் இடப்பக்கமாகவே வெகுநேரம் கூட வந்தது. ஒன்பதரை மணிக்கு மேல் இன்டர்லாக்கன் கிழக்கு நிலையத்தில் சிவம் நின்றான். அங்கிருந்து போனிகன் மூன்று கிலோமீட்டர். பஸ்ஸில் போனோம்.

"அத்தான், நீங்கள் வாய் திறக்காதேங்கோ. விலையை நான் கதைக்கிறன்" என்றான்.

"முதல் வண்டியைப் பாப்பம்" என்றேன்.

விற்பவர் ஃப்ராவ் மோசர் என்ற பெண்மணி. அறுபது வயதிருக்கும். கணவரின் மரக்கடையை மூடிவிட்டு, அவர் ஓட்டிய வண்டியை விற்க வைத்திருந்தார். கேட்ட விலை 2,800 பிராங்க். நான் கீழே படுத்து சட்டத்தை முன்னிருந்து பின்வரை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். துருவில்லாததால் அது எங்கும் இறங்கவில்லை. குளிர்காலத்தில் வண்டியை வெளியே எடுக்காததால் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அதைத் தொடவே இல்லை. கபின் மூலைகள் இறுக்கமாக இருந்தன. இவ்வளவு நல்ல சட்டத்தை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை.

எழுந்து சிவத்தின் காதில், "அருமையான வண்டி. சொன்ன விலைக்கே எடுப்பம்" என்றேன்.

"விசரே அத்தான்? கேட்ட விலையைக் குடுத்தால் எங்களைப் பேயர் எண்டெல்லோ நினைப்பா!"

அவன் தொடங்கிவிட்டான். டயரை உதைத்தான். பிரேக் போய்விட்டது, சட்டம் உக்கிவிட்டது, இது ஓடினால் ஆள் சாகும், 1,500க்கு மேல் பெறாது என்று தன் ஹோட்டல் ஜெர்மனில் அடுக்கினான்.

ஃப்ராவ் மோசர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே மெக்கானிக். உண்மையா?"

நடுப்பேரத்தில் சொந்த மைத்துனனை வெட்டிப் பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. நான் டார்ச்சை அணைத்து மேலங்கியை மடித்தேன். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது.

"சொன்னதற்கு நன்றி. எனக்குத் தெரியாது" என்று சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக் கதவை இழுத்து மூடினார்.

"நடவுங்கோ. திரும்பிப் பாக்காதேங்கோ. கேற்றடிக்கு வரேக்கை மனிசி கூப்பிடும்" என்றான் சிவம்.

கேற்றடி வந்தது. பஸ் தரிப்பிடமும் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஒரு பஸ் வந்தது; நாங்கள் ஏறாமல் நின்றோம். "இப்ப ஓடி வருவா பாருங்கோ" என்று அவன் சிகரெட் பற்ற வைத்தான். அடுத்த பஸ்ஸும் போனபின் நான் மட்டும் திரும்பி நடந்தேன்.

ஃப்ராவ் மோசர் அப்போதுதான் போன் ரிசீவரை வைத்தார். பழைய இரும்புக்காரர் திங்கட்கிழமை வந்து வண்டியை ஏற்றிப்போவார் என்றார்.

"வண்டியில் ஒரு குறையும் இல்லை. அவன் சொன்னது விலை குறைக்கச் சொன்ன பேச்சு. 2,800 இப்போதே தருகிறேன்."

"அப்போது பொய் சொன்னீர்களா, இப்போதா?"

"பொய் இல்லை. எங்கள் ஊரில் அப்படித்தான் விலை பேசுவோம்."

"ஆள் சாகும் என்றா?"

கீழே படுத்துக் காட்டுகிறேன், வாருங்கள் என்று கெஞ்சினேன். வரவில்லை. "ஒரு விபத்து நடந்தால் நான் தெரிந்தே விற்றவளாவேன்" என்று தன்மையாகவே கதவைச் சாத்தினார்.

மாலை ரயிலில் ஏரி இப்போது வலப்பக்கம் வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சந்தையில் மீனை நாறல் என்று சொன்னால், விற்கிறவள் அதை எடுத்துக் குப்பையில் எறிய மாட்டாள். "நாறலெண்டால் ஏன் மோந்துகொண்டு நிக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டு, கடைசியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு பிரிவார்கள். இங்கே சொன்ன சொல்லை அப்படியே நம்புகிறார்கள். நம்பட்டும். ஆனால் ஒரு சமையலறைக்காரன் வாயால் சொன்னதை நம்பி, முப்பது வருடம் பக்கத்தில் நின்ற இரும்பைத் தன் கண்ணால் ஒருதரம் குனிந்து பார்க்க மறுப்பது என்ன நேர்மை?

செவ்வாய்க்கிழமை பழைய இரும்புக்காரரைத் தேடிப்பிடித்து போன் செய்தேன். அவர் கீழே குனிந்து பார்த்திருக்கிறார்.

"இதை யாராவது நசுக்குவார்களா? சட்டம் புதுசு மாதிரி. 5,500. விலை பேச வேண்டாம்."

அன்றிரவே சிவத்துக்குச் சொன்னேன்.

"ஐயாயிரத்து ஐந்நூறோ? நல்லாய்க் கேக்கிறான்!" என்றான். "நீங்கள் பேசாமல் இருங்கோ அத்தான். சனிக்கிழமை நான் வந்து கதைக்கிறன்."