ராசம்மாள் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள்

பூதலூர்ப் பக்கத்து அலுவலகங்களில் ராசம்மாளைத் தெரியாதவர் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. காரணம் ஒன்றும் பெரிதில்லை. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் திரும்பிப் பார்த்து, "நிக்க முடியலன்னா உக்காருங்க" என்பாள். உட்கார அங்கே நாற்காலி இருக்காது, அது வேறு விஷயம்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. அவள் மாமனார் யாரோ நீட்டிய காகிதத்தில் என்ன ஏது என்று கேட்காமல் கைநாட்டு வைத்தார். மறுவருஷம் முக்கால் ஏக்கர் நிலம் அவருடையது இல்லை என்று ஆனது. கல்யாணம் ஆகி வந்த ராசம்மாள் அதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டாள். நட்டுக்கொண்டே பல்லைக் கடித்தாள். பதினான்கு வருஷம் அவள் ஊரார் வயலில் குனிந்து, புருஷன் இராஜாங்கம் அறுவடை மெஷினோடு ஊர் ஊராய் அலைந்து, கடைசியில் வேறொரு ஒன்றரை ஏக்கர் வாங்கினார்கள். பட்டாவை அவள் பெயருக்கு மாற்ற நடந்த நடையில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. இந்த வருஷக் குறுவைதான் அந்த நிலத்தில் முதல் அறுப்பு. சிட்டா, அடங்கல் எல்லாம் அவள் பெயரில். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசைக்குக் கொடுத்த டோக்கனிலும் அவள் பெயர்தான். அதை வாங்கிய அன்று நாலு தடவை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

பெயர் இருந்து என்ன செய்ய? ஐப்பசி மழை வந்துவிட்டது, நெல் பிடிக்கச் சாக்கு வரவில்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துப் போட்டு ஒன்பது நாளாகக் காத்துக் கிடந்தார்கள். வெயில் அடித்தால் பரப்ப வேண்டும், மேகம் கூடினால் குவித்து மூட வேண்டும். ஈரம் ஏறினால் எடுக்க மாட்டார்கள், இன்னும் ஏறினால் முளைத்தே போகும். இராஜாங்கம் மெஷினோடு மன்னார்குடிப் பக்கம் போயிருந்தார். குவியலை மூடுகிற தார்ப்பாயை ஒற்றை ஆளாக இழுக்க முடியாது. மகள் செம்மொழி, தஞ்சாவூரில் பி.எஸ்சி. கணக்கு இரண்டாம் வருஷம், புதனும் வியாழனும் கல்லூரிக்குப் போகாமல் அம்மாவோடு நின்றாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்குள் ஓர் அசைன்மென்ட் கொடுக்க வேண்டும். நாற்பது பக்கம். குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதி முடித்துப் பையில் வைத்திருந்தாள். இரண்டரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வானம் கறுத்துக் கொட்டியது. பிள்ளை பையை அப்படியே போட்டுவிட்டுத் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்து ஓடினாள். நெல் நனையவில்லை. நாற்பது பக்கமும் நனைந்து மை ஊறிப் போயிற்று.

"ஐயோ, போச்சே!" என்று தலையில் கை வைத்தது ராசம்மாள்தான். செம்மொழி சிரித்தாள். "விடும்மா, நெல்லு முளைச்சா திரும்ப அறுக்க முடியாது. இத திரும்ப எழுதிக்கலாம்."

சனி, ஞாயிறில் எழுதியும் முடித்தாள். திங்கட்கிழமை கொண்டுபோனால் வாங்கவில்லை, அம்மா அப்பாவை அழைத்து வரச் சொல்லி அனுப்பினார்கள்.

"அதென்ன கூத்து?" என்றாள் ராசம்மாள். "ஓட்டுப் போடுற வயசு உனக்கு. நீ எழுதுன பாடத்துக்கு நான் வந்து என்னடி சொல்லணும்?"

"ரூல்மா. வந்து சும்மா ஒரு கையெழுத்து போட்டா போதும்."

சும்மா ஒரு கையெழுத்து. யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று செம்மொழி கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை, அதற்குள் ஊர் திரும்பியிருந்த இராஜாங்கத்தை நெல்லுக்குக் காவல் வைத்துவிட்டு, டோக்கனைப் பர்ஸில் போட்டுக்கொண்டு ராசம்மாள் பஸ் ஏறினாள். துறைத் தலைவர் புகழேந்தி சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். செம்மொழி நின்றாள்.

"அப்பா வரலீங்களா?"

"அவரு நெல்லுக்குக் காவலு. எங்க டோக்கன இன்னைக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. சீக்கிரம் முடிச்சு விடுங்க சார்."

புகழேந்தி கெட்டவர் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். "உங்க பொண்ணு மூணு செமஸ்டரா முதல் ரேங்க்மா. லேட்டா குடுத்தா பாதி மார்க் போயிடும், ரேங்கும் போயிடும். அதான் நானே ஒரு வழி சொல்றேன். இதுல கையெழுத்து போடுங்க. எதிர்ல கிளினிக் இருக்கு, ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்திடுங்க. முழு மார்க்கும் வந்துரும்." செம்மொழி ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்திருந்த படிவத்தை நகர்த்தி, கையெழுத்து இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

ராசம்மாள் அந்த விரலைப் பார்க்கவே இல்லை. மேலிருந்து ஆரம்பித்தாள். மா... ண... வி... பெயர். வகுப்பு. பெற்றோர் தொழில்: கூலி. அதைக் கடந்தாள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து எல்லாப் படிவத்திலும் அதுதான், கண்ணுக்குப் பழகியிருந்தது. புகழேந்தி கடிகாரத்தைப் பார்த்தார். தாமதத்துக்கான காரணம்: கா... ய்... ச்... சல்.

"யாருக்கு சார் காய்ச்சல்?"

"ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா."

"என் மவளுக்கா? புதங்கிழமையும் வியாழக்கிழமையும் என்கூட நின்னு நெல்லு அள்ளுனாளே, அவளுக்கா?"

புகழேந்தி செம்மொழியைப் பார்த்தார். "காய்ச்சல்னுதானம்மா நீ சொன்னே?"

செம்மொழி தரையைப் பார்த்தாள். "அம்மா, ப்ளீஸ், போட்டுரும்மா."

ராசம்மாள் மகள் பக்கம் முழுசாகத் திரும்பினாள். பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை. தன் நோட்டை விட்டுவிட்டு நெல்லை மூட ஓடியவள், அதை வெளியில் சொல்லவா கூசுகிறாள்? "எங்கூட நின்னது அவ்ளோ கேவலமாடி உனக்கு?"

"கேவலம்னு யாரும்மா சொன்னா? நெல்லுன்னா இங்க ஒத்துக்க மாட்டாங்க. காய்ச்சல்னா ஒத்துக்குவாங்க."

ராசம்மாள் பர்ஸைத் திறந்து டோக்கனை எடுத்து மேஜையில் வைத்தாள். "இந்தாங்க சார். தேதி இருக்கு, சீல் இருக்கு, என் பேரு இருக்கு. இதான் எங்க சர்டிபிகேட்டு."

"இத வாங்க வழியில்லம்மா. உடம்பு சரியில்ல, இல்லன்னா வீட்ல சாவு. இந்த ரெண்டுக்குத்தான் சலுகை உண்டு."

"அப்ப என் நெல்லு உங்க ஃபாரத்துல வராது." மேஜை ஓரத்தில் இருந்த அவருடைய டிபன் பாக்ஸைக் காட்டினாள். "அதுல மட்டும் வரும்."

புகழேந்திக்கு முகம் சிவந்தது. "பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா மார்க் போறது உங்களுக்கு இல்ல. உங்க வீம்புக்கு அந்தப் பொண்ணு ரேங்க்கை விடணுமா?"

அது சுருக்கென்று தைத்தது. தாலுகா ஆபீஸில் எத்தனையோ பேர் அவளை அதட்டியிருக்கிறார்கள், எல்லாருக்கும் பதில் வைத்திருந்தாள். இவர் அதட்டவில்லை. அவர் சொன்னது சரி. மார்க் பிள்ளையுடையது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இராஜாங்கம். "சாக்கு வந்துடுச்சு. நமக்கு முன்னாடி மூணு டோக்கன்தான். வர்றியா?"

"வர்றேன், இருங்க."

எழுந்து டோக்கனை எடுத்துக்கொண்டாள். படிவத்தைச் செம்மொழி பக்கம் தள்ளினாள். "மார்க்கு உன்னோடது, ரேங்க்கும் உன்னோடது. காய்ச்சல்னு இருக்குற காயிதத்துல நான் போட மாட்டேன். உங்கப்பா போடுவாரு. நீட்டுன எடத்துல போட்டுட்டுப் போயிடுவாரு. வேணும்னா அவருட்ட வாங்கிட்டு வந்து குடு. நான் குறுக்க நிக்க மாட்டேன், இதப் பத்தி வீட்ல ஒரு வார்த்தை கேக்கவும் மாட்டேன்."

கோபத்தில் சொன்னதில்லை. மனசார விட்டுக்கொடுத்துத்தான் சொன்னாள், சொல்லிவிட்டுக் கதவுவரை போயும்விட்டாள்.

"அம்மா, இரு." செம்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், வேற ஃபாரம் ஒண்ணு குடுங்க."

"நல்லா யோசிச்சுக்கோ. பாதி மார்க் போறது போறதுதான்."

"போவட்டும் சார். அடுத்த செமஸ்டர்ல எடுத்துக்குறேன்."

அவர் கொடுத்தார். அவள் நின்றபடியே மேஜையில் குனிந்து எழுதினாள். மேஜைமேல் படிவம், பக்கத்தில் பேனா. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை இந்தத் தடவை யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை.

ராசம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அங்கே சாக்கு வந்தாயிற்று, முன்னால் மூன்றே டோக்கன். ஆனாலும் மேலிருந்துதான் ஆரம்பித்தாள். மாணவி பெயர். வகுப்பு. பெற்றோர் தொழில்: வி... வ...

நிறுத்தி மகளைப் பார்த்தாள். அப்படி எழுதச் செம்மொழிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராசம்மாள் திரும்பக் குனிந்து மிச்சத்தைக் கூட்டினாள். சா... யி. விவசாயி. எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். தாமதத்துக்கான காரணம்: கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல்லை மழையில் நனையாமல் மூடினேன்.

கடைசிப் புள்ளிவரை அழுத்தி வைத்துக் கையெழுத்துப் போட்டாள். புகழேந்தி அசைன்மென்ட்டை வாங்கிக்கொண்டார். நாற்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். ஒரு பிழையும் தட்டுப்படவில்லை போலிருக்கிறது, முதல் பக்கத்தில் சிவப்பு மையால் பத்துக்கு ஐந்து என்று போட்டார். செம்மொழி அதை நேராகப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ் சார்" என்றாள்.

வாசலுக்கு வருவதற்குள் மறுபடியும் போன். "கூப்பிட்டுட்டாங்க. ஈரம் பாத்துட்டாங்க, சரியா இருக்காம். ஏதோ சீட்டுல கையெழுத்து கேக்குறாங்க, போட்டுரவா?"

"போட்டுராதீங்க!" ராசம்மாள் போட்ட சத்தத்தில் வராந்தாவில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பினார்கள். செம்மொழி முன்னால் ஓடிப் பஸ்ஸை நிறுத்தக் கை காட்டிக்கொண்டிருந்தாள். "அப்படியே வச்சிருங்க. படிக்கிற ஆளுங்க ரெண்டு பேரு வர்றோம்."