ஜீப்பில் ஏறிப்போன என் பேக்கேஜ்கள்

நண்பர்களே, என் முதல் மென்பொருள் பேக்கேஜ் நேற்று வெளியாகிவிட்டது, எங்கள் ஊர் மலையிலுள்ள எஸ்டேட்டின் மழைக் குறிப்பு நோட்டை வாங்கி வரைபடமாகப் போட்டுத் தரும் அந்தச் சின்னப் பேக்கேஜை இனி உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஒரே வரியில் இறக்கிக்கொள்ளலாம், காலையிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தபடியே இருக்கிறேன்.

பார்க்கும்போதெல்லாம் மூக்கில் ஏலக்காய் வாசம் வருகிறது...

காரணம் ஒரு சிவப்பு பென் டிரைவ்.

மூன்று வருஷம் இருக்கும். என் சித்தப்பா போடியிலிருந்து மலைமேல் இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். அவர் ஜீப்பில் பாட்டுக் கேட்க வைத்திருந்த பென் டிரைவ் அது. அந்த ஜீப்பில் கிடக்கும் எதை எடுத்தாலும் ஏலக்காய் மணக்கும்.

அதை நான் கடன் வாங்கியதற்குக் காரணம் என் லேப்டாப். அக்கா படித்து முடித்துவிட்டுத் தந்தது. சி டிரைவ் எந்நேரமும் நிரம்பிச் சிவப்பாகவே இருக்கும். நானோ வீடியோ பார்த்தே ஒரு நிரல்மொழியைக் கற்றுக்கொண்டிருந்தேன். அதன் பேக்கேஜ் மேனேஜர், நாம் கேட்கிற பேக்கேஜை, அதாவது மற்றவர்கள் எழுதித் தந்த நிரல் மூட்டையை எல்லாம் நெட்டிலிருந்து இறக்கி சி டிரைவிலேயே கொண்டுபோய் அடுக்கும். மூன்றாவது பேக்கேஜிலேயே இடம் தீர்ந்துவிட்டது.

ஒரு வாரம் தேடியதில் விஷயம் பிடிபட்டது. எங்கே அடுக்க வேண்டும் என்று அதற்கு நாமே பாதை சொல்லலாமாம். ஒரே ஒரு வரி. பென் டிரைவைச் செருகினேன். அது ஈ டிரைவாக வந்தது. ஈ டிரைவில் ஒரு ஃபோல்டரைப் பாதையாகக் கொடுத்தேன். எல்லாப் பேக்கேஜும் சமர்த்தாக அங்கே போய் உட்கார்ந்தன. அன்றைக்கு நான் வீட்டுக்குள் நடக்கவில்லை, மிதந்தேன்.

அப்புறம் வந்தது அந்தச் சனிக்கிழமை.

அந்த நிரல்மொழிக்காரர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். புதிதாய்க் கற்பவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் கூடவே இருந்து உதவுவார்கள். தேர்வுக்கு, எழுதிய நிரலை வீடியோ கூட்டத்தில் ஓட்டிக் காட்ட ஆளுக்குப் பத்து நிமிஷம். என் நிரல், சித்தப்பா போகும் எஸ்டேட்டின் மழைக் கணக்கை வரைபடமாக்குவது. என் முறை சாயங்காலம் நாலரைக்கு.

காலையில் எழுந்து பார்த்தால் லேப்டாப் இருக்கிறது, பென் டிரைவ் இல்லை.

விடியும் முன்னே சித்தப்பா வந்து, "நம்ம பாட்டுக் குச்சிதான" என்று உருவிக்கொண்டு போய்விட்டாராம். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னார்.

பேக்கேஜ் இல்லாமல் என் நிரல் ஒரு வரிகூட ஓடாது. மறுபடி இறக்கலாம் என்றால் சி டிரைவில் இடமில்லை. போனில் மிச்சமிருந்த டேட்டா கூட்டத்துக்கே சரியாகப் போகும். தோட்டத்துக்குள் சித்தப்பாவுக்கு சிக்னலும் கிடையாது. ஒரு மணிக்குத்தான் லைன் கிடைத்தது.

"அந்தக் குச்சியக் கேக்குறியா? அத என்னத்தா பண்ணி வச்ச? செருகுனா 'ரீடிங்'னு காமிக்குது. போடிமெட்டு ஏறுற வரைக்கும் ரீடிங்தான். பொம்பளயாளுக பூராம் என்னய வைதுட்டு வருதுக."

பாட்டைத் தேடி ஜீப்பிலிருந்த பிளேயர் என் பேக்கேஜ் கோப்புகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறது, பாவம்.

"சித்தப்பா, அத எப்பக் கொண்டாருவீக?"

"ஆறு ஆயிரும்."

"நாலரைக்கு எனக்கு அது வேணும்."

"அப்ப வெரசா மேல ஏறி வா. நாலு மணிக்கு மெட்டுல டீ குடிக்க நிப்போம்."

லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு மூணாறு பஸ்சில் ஏறினேன்.

போடிமெட்டு டீக்கடை பெஞ்சில், வேலை முடிந்து சித்தப்பா ஜீப்பில் வந்த பெண்கள் கிளாசும் கையுமாக இருந்தார்கள். அவர்களில் பாக்கியம் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலையில நம்மள ஊமையாக் கூட்டியாந்த மகராசி இவதானா?"

சிரிக்க நேரமில்லை. நெட்டுக்காகப் போனை ஒயரில் மாட்டினேன். பிறகு சித்தப்பா நீட்டிய பென் டிரைவைச் செருகி, நிரலை ஓட்டினேன்.

நான் சொன்ன பாதையில் ஒன்றுமே இல்லை என்றது திரை.

மணி நாலு இருபது. மறுபடி ஓட்டினேன். அதே பதில். பாக்கியம் அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னடி, ஒனக்கும் ரீடிங்கா?"

அப்போதுதான் கவனித்தேன். முதலில் மாட்டிய போன் ஈ டிரைவ் என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த என் பென் டிரைவ் எஃப் ஆகியிருந்தது. பாதையில் ஈயை எஃப் என்று மாற்றினேன். ஒற்றை எழுத்து.

மழை வரைபடம் மெல்ல எழுந்து நின்றது... என் முறையும் வந்தது.

நிரலை ஓட்டிக் காட்டிப் பேசத் தொடங்கினேன். நடுவில் பாக்கியம் அக்கா திரையில் விரலை வைத்தார். "இந்த உசரமான கோடு, அன்னைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சு ஜீப்பு பாதியில திரும்புச்சே, அந்த மழைதான?"

அந்தக் கோட்டின் தேதியைப் பார்த்தேன். அதே நாள்.

திரையின் அந்தப் பக்கம் இருந்த குழுக்காரர், அவங்க என்ன சொன்னாங்க என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். அதன்பிறகு அவர் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அக்காவிடம்தான், நான் மொழிபெயர்ப்பாளர்.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஆரம்பித்ததுதான் நேற்று வெளியான இந்தப் பேக்கேஜ்.

இப்போது புது லேப்டாப். வீட்டுக்கே ஃபைபர் வந்துவிட்டது. பேக்கேஜ்கள் எங்கே போய் உட்காருகின்றன என்று நான் பார்ப்பதுகூட இல்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்... சித்தப்பா ஜீப்பு டேஷ்போர்டில், வெற்றிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.

என் பேக்கேஜின் கையேட்டில் முதல் பத்தியே சேமிப்புப் பாதையை மாற்றுவது எப்படி என்பதுதான். சி டிரைவ் நிரம்பிய யாரோ ஒருவர் எங்கேயோ இருப்பார் இல்லையா.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே டீக்கடையில் கூடலாமா? லேப்டாப் எவ்வளவு பழசாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு வாருங்கள், இடம் பண்ணிவிடலாம். வருகிறவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். கூடவே ஆளுக்கு ஒரு பென் டிரைவ் நிறையப் பாட்டு வேண்டும்.

பாட்டு மட்டும்தான் இருக்க வேண்டும். பாக்கியம் அக்கா செருகிப் பார்த்துவிட்டுத்தான் டீ சொல்வாராம்.